வீட்டு ஸ்டுடியோவில் 'கொர்ர்': எர்த் பின்னைப் பிடுங்கும் முன் படியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கியாயிற்று. லேப்டாப், யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர், கீபோர்டு, எலக்ட்ரிக் கிட்டார், இவ்வளவுதான் கருவிகள். ஸ்பீக்கரில் எப்போதும் ஒரு 'கொர்ர்'. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் கூடவே 'உய்ங்'. கிட்டார் கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறது. எலக்ட்ரீஷியன் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார், கடைக்காரர் பவர் கண்டிஷனர் (வரும் கரண்டை வடிகட்டித் தருவதாக விற்கும் பெட்டி) வாங்கச் சொல்கிறார், நண்பர் ஸ்டுடியோவுக்கென்று தனி எர்த் குழி தோண்டச் சொல்கிறார். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ரெக்கார்ட் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று யோசனையும் வேண்டாம். எர்த் பின்னைப் பிடுங்குவது உயிரோடு விளையாடுவது. கண்டிஷனர் உங்கள் கோளாறுக்குச் சம்பந்தமில்லாத மருந்து. தனிக் குழியைப் பற்றிக் கீழே சொல்கிறேன். வீட்டு ஸ்டுடியோவில் வரும் சத்தத்தில் பெரும்பகுதி, ஈபி லைனில் அழுக்குக் கரண்ட் வருவதால் உண்டாவதில்லை. கருவிகள் ஆடியோ கேபிளால் ஒரு வழியிலும் எர்த் மூலமாக இன்னொரு வழியிலும் இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. ஆடியோ கேபிளின் ஷீல்டில் (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலில்) ஓடக்கூடாத கரண்ட் அந்த வளையத்தில் ஓடுகிறது. ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆடியோ சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, உண்மையாகவே வேலை செய்கிற எர்த்தோடு கரண்ட் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் காதை வைத்துக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாச் சத்தமும் ஒரே சத்தம் இல்லை. அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று மழமழவென்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் ஏதாவது ஒன்றின் காந்தப்புலம் கேபிளிலோ கிட்டார் பிக்கப்பிலோ (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருளிலோ) ஏறுகிறது. 'கொர்ர்', 'ஜிர்ர்' என்று முள் முள்ளாகக் குத்தினால் 100, 200, 300 என்று மேலே மேலே போகும் மடங்குகள் அதில் இருக்கின்றன; பவர் சப்ளை, ஃபேன் ரெகுலேட்டர், எர்த் வளையம் இவற்றில் ஒன்று. மவுஸை நகர்த்தினால், திரையை மேலே கீழே தள்ளினால் மாறுகிற 'உய்ங்' லேப்டாப்பின் வேலை. 'டப்' என்று எப்போதாவது வந்தால் ஃபிரிட்ஜோ போர் மோட்டாரோ ஓடத் தொடங்குகிறது. சும்மா 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக இருந்தால் அதற்கும் வயரிங்குக்கும் தொடர்பே இல்லை, அது மைக் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பின் இயல்பான இரைச்சல், எர்த்தை எவ்வளவு திருத்தினாலும் போகாது. காது நம்பிக்கையாக இல்லையென்றால் வாக்ஸெங்கோ ஸ்பான் மாதிரி இலவச அனலைசர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், கம்புகள் எந்த எண்ணில் நிற்கின்றன என்று கண்ணாலேயே தெரியும்.

இதில் நம் ஊர்ப் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது கிட்டத்தட்ட ஐந்து கட்டை சுருதியின் ஸட்ஜம், இரண்டு ஸ்தாயி கீழே. அந்தச் சுரம் 49 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஸ்தாயி 98. ஈபி கொடுப்பது 50, 100. ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்கு இந்த ஈபி ரீங்காரம், அதாவது ஹம், ஸட்ஜத்துக்குப் பக்கத்திலும், ஒரு கட்டையில் பாடுகிறவருக்குப் பஞ்சமத்துக்குப் பக்கத்திலும், அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டார் பாட்டில் யாரும் கவனிக்காத அளவு ஹம் இருந்தால்கூட, ஆலாபனையில் தம்புரா சுருதி சேரவில்லையோ என்று கேட்கிறவருக்குத் தோன்றும். பிற்பாடு ஃபில்டர் போட்டு 50-ஐ வெட்டிவிடலாம் என்றால், அதோடு சுரத்தின் சதையும் கொஞ்சம் போகும். தவிர கிரிட் அலைவரிசை 50-லேயே நிற்பதில்லை, நம் நாட்டில் 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. மேலே போகப் போக மடங்குகள் இன்னும் அதிகமாக நகரும், அதனால் மிகக் குறுகலாக வெட்டினால் தவறிப்போகும். வயரிங்கிலேயே முடித்துவிடுவது நல்லது.

சரி, எர்த்துக்கு வருவோம். எர்த் பின்னை எடுத்தால் சத்தம் நிற்கலாம், அதை மறுக்கவில்லை. வளையத்தை ஓர் இடத்தில் அறுத்தால் ஹம் போகத்தான் செய்யும். ஆனால் அந்தக் கருவிக்குள் ஃபேஸ் கம்பி எப்போதாவது அதன் உலோக உடம்பில் பட்டால், கரண்ட் போக வழி உங்கள் கிட்டார் கம்பி, உங்கள் கை, உங்கள் உதடு தொடும் மைக். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் மேடையேறிய ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் இறந்தது மேடையில்கூட இல்லை, தன் வீட்டில், எர்த் ஒழுங்காக இல்லாத கிட்டாரோடு. இரண்டு பேருமே இந்தத் தொழிலில் ஊறியவர்கள். அதனால் மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டர், பின்னில் டேப் சுற்றுவது, இந்த வேலை எதுவும் வேண்டாம். வளையத்தை அறுக்க வேண்டுமானால் ஆடியோ பக்கத்தில் அறுங்கள், கரண்ட் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பழைய வீடுகளில் சாக்கெட்டின் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள் (சாக்கெட்டில் மீட்டர் முனையை விட்டுப் பழக்கமில்லையென்றால் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்). சாக்கெட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது மேலே எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். 90, 120 என்று ஏதோ ஓர் எண்ணில் தள்ளாடினால் எர்த் கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் எங்கோ நியூட்ரல் ஜாயின்ட் லூஸ், அல்லது எர்த் பலவீனம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அச்சு அசலாக 0.0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அதே சாக்கெட்டோடு சேர்ந்த இன்னொரு பாயிண்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகி ஆன் செய்து மறுபடி பாருங்கள். நாலேகால் ஆம்பியர் ஓடும்போது, போர்டிலிருந்து பதினைந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் நியூட்ரல் கம்பியில் மட்டும் அரை வோல்ட் அளவு இழப்பு இருக்கும், ஆகவே மீட்டர் கொஞ்சமாவது ஏற வேண்டும். ஏறவே இல்லை, 0.0-வில் அப்படியே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றால், எர்த் கம்பி இல்லாத பாயிண்டில் யாரோ சாமர்த்தியமாக நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டார் என்று அர்த்தம். மூன்று பின் டெஸ்டரை ஏமாற்றுவதற்கென்றே செய்கிற வேலை இது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஸ்டுடியோவிலுள்ள எல்லா உலோகப் பெட்டியிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். சத்தத்துக்கும் இதுவே காரணம், ஏனென்றால் அந்த நியூட்ரலில் ஓடும் கரண்டின் ஏற்ற இறக்கமெல்லாம் உங்கள் ஷீல்டில் நேராக ஏறுகிறது. இப்படி இருந்தால் மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் கம்பியை மெயின் போர்டிலிருந்து இழுத்துப் போடச் சொல்லுங்கள். எர்த் சரியா என்று அவர் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக லைனை அறுக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். அது நல்ல செய்திதான்.

அந்த ஆர்சிசிபி இல்லையென்றால் கண்டிஷனருக்கு வைத்திருந்த காசை அதில் போடுங்கள், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. நம் ஊரில் எர்த் என்பது பெரும்பாலும் கரியும் உப்பும் போட்ட குழியில் நட்ட ஜிஐ பைப், சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் அதன் தடை எகிறிவிடும். 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபேஸ் நேராக எர்த்தில் பட்டால்கூட 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, பெட்டி கரண்டோடு அப்படியே இருக்கும். ஆர்சிசிபிதான் அங்கே காப்பாற்றும். நண்பர் சொன்ன தனிக் குழிக்கும் இதுதான் பதில்: எர்த் பலவீனமாக இருந்தால் குழியைச் சரி செய்யுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், வேண்டுமானால் இன்னொரு பைப் இறக்குங்கள், ஆனால் அதை வீட்டு எர்த்தோடு மெயின் போர்டில் இணைத்தே ஆக வேண்டும். இணைக்காமல் ஸ்டுடியோவுக்கு மட்டும் ஓர் எர்த், வீட்டுக்கு ஓர் எர்த் என்று வைத்தால், பக்கத்தில் இடி விழும்போதோ எங்காவது கோளாறு வரும்போதோ இரண்டு குழிக்கும் இடையே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் எழும். இரண்டையும் இணைப்பது உங்கள் நெட்வொர்க் கேபிளோ டிவி கேபிளோ மட்டும்தான். 'சுத்தமான எர்த்' என்று விற்கப்படும் யோசனைகளில் பாதி இந்த ரகம்.

கண்டிஷனரைப் பற்றி இரண்டே வரி. 50 ஹெர்ட்ஸ்தான் உங்களுக்கு வரும் கரண்டே, அதை எந்தப் பெட்டியும் வடிகட்ட முடியாது, வடிகட்டினால் கருவி ஓடாது. அவை தடுப்பது உயர் அலைவரிசைக் குப்பையையும் திடீர் ஸ்பைக்கையும் மட்டுமே. அதற்கு நல்ல ஸ்பைக் பஸ்டரே போதும், எர்த் வளையத்தை இரண்டுமே தொடாது.

இப்போது முக்கியமான வேலை. லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டு, கீபோர்டு, கிட்டார் ஆம்ப், எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டுக்குள்தான் வரும், அதாவது ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. ஒரே 6 ஆம்பியர் பாயிண்ட் தாராளம். ஆனால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? இடது ஸ்பீக்கர் ஜன்னலோரப் போர்டில், வலது ஸ்பீக்கர் கதவோரப் போர்டில், லேப்டாப் கட்டிலுக்குப் பக்கத்தில் என்று அருகில் இருப்பதில் செருகுவோம். இரண்டு போர்டின் எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அந்த வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாகச் சமன் ஆகப் பார்க்கும். வீட்டு ரகக் கருவிகளில் லைன் சிக்னல் சுமார் 0.3 வோல்ட்தான், அதில் ஒரே ஒரு மில்லிவோல்ட் ஹம் ஏறினால் பாட்டுக்கும் ஹம்முக்கும் 50 டெசிபல்தான் இடைவெளி, அமைதியான இடத்தில் துல்லியமாகக் கேட்கும். எல்லா எர்த்தும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஓரிரண்டு அடிக்குள் சந்தித்துவிட்டால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஆகவே தரமான உலோகத் தகடு உள்ள, ஒவ்வொரு ஓட்டையிலும் எர்த் உள்ள பாக்ஸ் ஒன்றை வாங்கி, தேவைப்பட்டால் அதிலிருந்து இன்னொன்றை எடுத்து, எல்லாவற்றையும் அதில் செருகுங்கள். ஏசி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் அதில் வேண்டாம். உங்கள் 'கொர்ர்' பாதியோ முழுதோ இதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ஆடியோ கேபிள் எதுவும் இல்லாமல், பவர் மட்டும் கொடுத்துக் கேளுங்கள். அப்போதும் கொர்ரென்றால் ஸ்பீக்கரே குற்றவாளி. அமைதியானால் இன்டர்ஃபேஸை மட்டும் இணையுங்கள். பிறகு லேப்டாப். பிறகு சார்ஜர். பிறகு கீபோர்டு. எதைச் செருகும்போது சத்தம் திரும்புகிறதோ அங்கேதான் வளையம் மூடுகிறது. மைக் பக்கத்தைச் சோதிக்க ஒரு சின்னத் தந்திரம்: ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக் ஒன்றுக்குள் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் குறுக்கே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பிளக்கை மூடி, மைக்குக்குப் பதிலாக இன்டர்ஃபேஸில் நேராகச் செருகுங்கள். வழக்கமாகப் பாடும் அளவுக்கு கெய்னை வையுங்கள். இதில் 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் இன்டர்ஃபேஸ் சுத்தம், ஹம் மைக் கேபிளிலோ மைக்கிலோ ஏறுகிறது. கடைக்காரரிடம் கேபிளைக் கொண்டுபோய்ச் சண்டை போடவும் இது உதவும்.

லேப்டாப் சார்ஜர் கதை தனி. இரண்டு பின் சார்ஜராக இருந்தால், உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) ஈபி பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக. அது வழியாக ஒரு துளி கரண்ட் கசியும், கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினால் விரலில் சுருசுரு என்று இருக்குமே, அதுதான். மீட்டரில் 100 வோல்ட் ஒட்டிக் காட்டும், பயப்பட வேண்டாம், ஆளைக் கொல்லும் பலம் அதற்கு இல்லை. ஆனால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போக வேண்டும், போக இருக்கும் ஒரே வழி உங்கள் யூஎஸ்பி கேபிள், இன்டர்ஃபேஸ், ஆடியோ ஷீல்டு, ஸ்பீக்கரின் எர்த். 'உய்ங்' அப்படித்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. மூன்று பின் சார்ஜர் அந்த மாடலுக்குக் கிடைத்தால் மாற்றுங்கள், கசிவு தன் எர்த்திலேயே போய்விடும். சில சமயம் மூன்று பின் சார்ஜர்தான் புது வளையத்தை உண்டாக்கும், அப்போது ஸ்பீக்கர் கேபிள்தான் திருத்த வேண்டிய இடம், கீழே வருகிறேன். கேபிள் மாற்றும் வரை, டேக் எடுக்கும் ஐந்து நிமிடம் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள், காசு செலவில்லை.

லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மின் இணைப்பை அறுத்து சிக்னலை மட்டும் விட, யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று மலிவாக ஒன்று விற்பார்கள். வாங்குவதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். ஏடியூஎம்4160 சிப் வைத்தவை விநாடிக்கு 12 மெகாபிட் வரைதான் போகும், இப்போதைய இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் 480 மெகாபிட் யூஎஸ்பி 2.0 கேட்கின்றன, செருகினால் கருவி தெரியவே தெரியாது. அதிவேக ஐசொலேட்டர்கள் இருக்கின்றன, விலை கூடுதல்.

கீபோர்டு உங்கள் வீட்டில் இரண்டு வழியாக லேப்டாப்போடு சேர்கிறது, கவனித்தீர்களா? மிடிக்காக (எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவலுக்காக) ஒரு யூஎஸ்பி, சத்தத்துக்காக ஓர் ஆடியோ கேபிள். கச்சிதமான வளையம். கீபோர்டிலும் இன்டர்ஃபேஸிலும் பழைய ஐந்து பின் மிடி ஓட்டை இருந்தால் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். 1983-இல் மிடி வந்தபோதே, வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் வைத்தே வடிவமைத்தார்கள், சிக்னல் ஒளியாகத் தாண்டும், மின் இணைப்பே கிடையாது. அந்தக் காலத்து ஆட்கள் ஹம்மை எவ்வளவு பட்டிருந்தால் இதை விதியாகவே எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஐந்து பின் இல்லையென்றால், கீபோர்டின் ஆடியோவை உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ பாக்ஸ் (கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி) வழியாக எடுத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். அது அறுப்பது ஆடியோ ஷீல்டை மட்டும், கரண்ட் எர்த்தைத் தொடாது, அதனால் பயமில்லை. எலக்ட்ரீஷியன் செய்யச் சொன்ன வேலையைப் பத்திரமான இடத்தில் செய்வது இதுதான்.

அடுத்து கேபிள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, ஆர்சிஏ அல்லது மோனோ ஜாக்காக இருக்கும் என்று சந்தேகம். ஸ்பீக்கரில் டிஆர்எஸ் (மூன்று தொடுமுனை உள்ள ஜாக்) அல்லது எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் பிளக்) இன்புட் இருந்தால் இன்றே பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறுங்கள், இந்தப் பதிலிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் அதுதான். மோனோ கேபிளில் ஷீல்டே சிக்னலின் ஒரு கை, அதில் ஓடும் குப்பைக் கரண்ட் நேராகப் பாட்டில் கலக்கிறது. பேலன்ஸ்டில் 2-ஆம் பின், 3-ஆம் பின் இரண்டும் ஒரே மாதிரி இரைச்சலை வாங்கிக்கொள்ள, வாங்கும் கருவி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். ஷீல்டு வெறும் வேலி. ஸ்பீக்கர் பேலன்ஸ்டு, ஆனால் மிக்சரோ கீபோர்டோ மோனோதான் என்றாலும் பரவாயில்லை: இரண்டு கம்பி உள்ள கேபிளை எடுத்து, அனுப்பும் பக்கத்தில் ஒரு கம்பியை ஜாக்கின் முனைக்கும், மற்றொரு கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து ஜாக்கின் உடம்புக்கும் கொடுங்கள், வாங்கும் பக்கத்தில் 2, 3, 1 என்று தனித்தனியாக. கழித்தல் வேலை இதிலும் நடக்கும்.

நீங்களே ஈயம் வைப்பதாக இருந்தால் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். முதலில் பின்மூடியைக் கேபிளில் நுழைத்துக்கொள்ளுங்கள், மூன்று பின்னும் முடித்த பிறகு மூடி மேஜை மேல் சிரித்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்காத ஆள் இந்த வேலையில் இல்லை. மேல் உறையை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் சீவ வேண்டாம். ஷீல்டு பின்னலைப் பிரித்து முறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, 1-ஆம் பின்னுக்குக் கொடுங்கள்; அதிலிருந்து தப்பித்த ஒரே ஒரு முடிக் கம்பி 2-ஆம் பின்னில் பட்டாலும் போச்சு. மைக் கேபிளுக்கு ஸ்டார் க்வாட் வகை வாங்கினால் இன்னும் நல்லது, கனரே எல்-4ஈ6எஸ் மாதிரி. உள்ளே வெள்ளை இரண்டு, நீலம் இரண்டு இருக்கும், ஒரே நிறம் எதிரெதிராக முறுக்கியிருக்கும். வெள்ளை இரண்டும் சேர்ந்து 2-க்கு, நீலம் இரண்டும் சேர்ந்து 3-க்கு. ஒரு வெள்ளையையும் ஒரு நீலத்தையும் சேர்த்துவிட்டால் கொடுத்த காசு வீண். காந்தப்புலத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸுக்கு ஷீல்டு சரியான தடுப்பு இல்லை, இந்த முறுக்குதான் தடுப்பு.

அறைக்குள் இருப்பவற்றில் முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர் மேல். குமிழைத் திருகத் திருகப் படியில்லாமல் வேகம் மாறுகிறது என்றால் அதற்குள் ட்ரையாக் இருக்கிறது, விநாடிக்கு 100 தடவை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, அந்த வெட்டு ஒவ்வொன்றும் வீட்டு வயரிங் முழுவதும் கேட்கும். டக் டக் என்று படிப்படியாக மாறுகிற கெப்பாசிட்டர் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள், எதிர்ப்பக்க அறையில் இருப்பதையும் சேர்த்து. லைட் டிம்மருக்கும் இதே விதி. பழைய இரும்பு சோக் போட்ட டியூப் லைட்டைக் கழற்றிவிடுங்கள். மட்டமான எல்ஈடி பல்புகள் உயர் அலைவரிசைக் குப்பை துப்பும், அணைத்துவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஸ்டெபிலைசர், யூபிஎஸ், அடாப்டர் குண்டுகள் இவற்றுக்கு மேலோ பக்கத்திலோ இன்டர்ஃபேஸையும் டிஐ பாக்ஸையும் வைக்காதீர்கள். காந்தப்புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறையும், ஓரடி நகர்த்தினாலே பெரிய வித்தியாசம். ஆடியோ கேபிளும் பவர் கேபிளும் பக்கம் பக்கமாக ஓட வேண்டாம், தாண்டியே ஆக வேண்டும் என்றால் சிலுவை மாதிரி குறுக்கே தாண்டட்டும். எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டி இருந்தால் அடாப்டரைக் கழற்றி பேட்டரி போடுங்கள்.

வயரிங்கையே புதிதாகச் செய்ய வாய்ப்பிருந்தால், மெயின் போர்டிலிருந்து ஸ்டுடியோவுக்கென்று தனி 16 ஆம்பியர் எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கம்பி மூன்று (சிவப்பு, கறுப்பு, பச்சை), மூன்றும் ஒரே பைப்பில், நடுவில் எங்கும் வேறு பாயிண்டுக்குக் கிளை எடுக்காமல். ஒரே பைப் என்பதை எலக்ட்ரீஷியனிடம் அழுத்திச் சொல்லுங்கள். கம்பி மிச்சம் பிடிப்பதற்காக ஃபேஸை இந்தச் சுவர் வழியாகவும், நியூட்ரலைப் பக்கத்து லைட் பாயிண்டிலிருந்து இரவல் வாங்கியும் முடிப்பது நம் ஊரில் சகஜம். அப்படிச் செய்தால் அறையைச் சுற்றி ஓர் ஒற்றைச் சுற்றுக் காயில் கட்டியதாகிவிடும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால்தான் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழிக்கும். நடு அறையில் கிட்டாரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹம் போகவில்லை என்ற புகார்கள் சிலவற்றுக்கு இதுதான் வேர். தவிர இரவல் நியூட்ரல் இருந்தால் ஆர்சிசிபி காரணமில்லாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கலாம். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் ஏசியும் மோட்டாரும் இல்லாத ஃபேஸில் ஸ்டுடியோவைப் போடுங்கள், ஆனால் முழு ஸ்டுடியோவும் அந்த ஒரே ஃபேஸில்தான் இருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு ஃபேஸ் என்றால் இரண்டு பிளக்குக்கு நடுவே 415 வோல்ட் வரை இருக்கும்.

கிட்டார் கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்றீர்களே, அது கோளாறு இல்லை. உங்கள் உடம்பு ஆன்டெனா போல அறையின் மின்புலத்தை வாங்கி பிக்கப்பில் ஏற்றுகிறது, எர்த்தோடு இணைந்த கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த் ஆகி அமைதியாகிறது. தொட்டால் சத்தம் கூடினால்தான் பயப்பட வேண்டும், அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே சொன்ன மீட்டர் சோதனைக்குப் போங்கள். பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி அதைக் கிரவுண்டில் இணைத்தால் தொடாதபோது வரும் சத்தமும் குறையும். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் காந்தப்புல ஹம் தகட்டுக்கு அடங்காது. கிப்ஸனில் இருந்த சேத் லவர் 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு எழுதியதே இதற்காகத்தான், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில், பேலன்ஸ்டு கேபிளின் அதே கழித்தல் கணக்கு. பிக்கப் மாற்ற மனமில்லையென்றால் நாற்காலியோடு மெதுவாகச் சுழன்று பாருங்கள், ஏதோ ஒரு திசையில் ஹம் சட்டென்று விழும், தரையில் சாக்பீஸால் குறித்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். லேப்டாப் அடாப்டரிலிருந்து தள்ளியும் உட்காருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், 2ஜி சிக்னலில் போனால் அந்த 'டிட் டிட் டிர்ர்ர்' 217 ஹெர்ட்ஸில் அழகாக டேக்கில் விழுந்துவிடும்.

இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்டதற்கு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அது ஓடும்போது ரெக்கார்ட் செய்ய வேண்டாம், மடங்குகள் நிறைந்த ஒரு பெரிய 'ஜிர்ர்' அது, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பீக்கருக்கும் நல்லதில்லை. சைன் வேவ் என்றால் பரவாயில்லை, ஆனால் இன்வெர்ட்டர் லைனில் எர்த் தொடர்ந்து வருகிறதா என்று கரண்ட் போன நேரத்தில் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பாருங்கள், பல வீடுகளில் வராது. யூஎஸ்பியிலேயே பவர் எடுக்கும் இன்டர்ஃபேஸ், பேட்டரியில் லேப்டாப், காதில் ஹெட்ஃபோன் என்று வைத்துக்கொண்டால் இதெல்லாம்கூடத் தேவையில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேனும் நிற்கும், தெருவில் பாதி மோட்டாரும் நிற்கும். குரல் டேக்கை அப்போதே எடுத்துவிடுங்கள்.